டீ, பீடி, படிப்பு மாத்திரை: மூளை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள், விடியும் முன்பே ஏலம் களைகட்டும் காசிமேடு. வடசென்னையில் பாதிப் பேருக்குக் கண் விழித்தால்தான் பிழைப்பு. அவர்களிடம் போய் "டீயே குடிக்காதே" என்று உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் செய்யும் சில தவறுகளைத் தவிர்க்கலாம்.

டீ தெம்பு தருகிறது என்று நம்புவதுதான் பெரிய தவறு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். அது நரம்பு செல்களில் தனக்குரிய ஏற்பிகளில், அதாவது அது வந்து ஒட்டும் இடங்களில், உட்காரும்போது கண் சொக்கும். டீயில் உள்ள காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு தெரியாது, அவ்வளவுதான். அடினோசின் சேர்வது நிற்காது. காஃபீன் இறங்கியதும் தூக்கம் மொத்தமாக அழுத்தும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு அந்த நேரம்தான் எமன். அதனால் வண்டியை ஓரங்கட்டி, டீயைக் குடித்த கையோடு 20 நிமிடம் படுத்துவிடுங்கள். காஃபீன் வேலையைத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஆனாலும் இது தற்காலிக உதவிதான், ராத்தூக்கத்துக்கு ஈடாகாது.

நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில் கடைசி டீ வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பீடி டென்ஷனைக் குறைக்கும் என்பார்கள். புகையிலையில் உள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டி, அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்கான ஏற்பிகளைத் தட்டி, ஊக்கமும் இன்ப உணர்வும் தூண்டும் டோபமைனைச் சுரக்கவைக்கிறது. அது இறங்கும்போது எரிச்சலும் படபடப்பும் வரும். அடுத்த பீடி பெரும்பாலும் தணிப்பது அந்த எரிச்சலைத்தான். கன்னத்தில் அடக்கும் புகையிலையும் இதே கதைதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: புகை பிடிப்பவரின் கல்லீரல் காஃபீனை வேகமாகக் கழித்துவிடும். பீடியை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமான டீயே நெஞ்சைப் படபடக்க வைக்கும். பீடியை விட்டதால்தான் இப்படி என்று பயந்து திரும்பவும் பற்றவைக்காதீர்கள், டீயைப் பாதியாகக் குறையுங்கள்.

எனர்ஜி டிரிங்கைச் சாராயத்தோடு கலப்பதும் வேண்டாம். போதை குறையாது, ஏறியது தெரியாது.

பரீட்சைக்காக அடுத்தவரின் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை வாங்கிப் போடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அது டோபமைனும், விழிப்பைத் தூண்டும் நார்எபிநெஃப்ரினும் நரம்புக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் மருந்து. ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறு உள்ளவருக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது. மற்றவருக்கு அறிவைக் கூட்டாது; நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் இன்னும் மோசம். சேமிப்பில் உள்ள டோபமைனையே வெளியே தள்ளிவிடும். அப்புறம் அதைப் போட்ட பையன் நாள் கணக்கில் சுருண்டு கிடப்பான், எதிலும் பிடிப்பு இருக்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதும், அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று மறைப்பதும் வீட்டார் செய்யும் தவறு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நெஞ்சு வலித்தாலோ வலிப்பு வந்தாலோ உடனே 108.