கொழும்பில் முதல் கார்: சின்னதாகவே பாருங்கள்

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வருபவர்கள் வெள்ளவத்தையில் வீடு பிடித்த கையோடு கார் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் பெரிய வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு, இங்கே நிற்கும் டபுள் கேப்களை (இரட்டை வரிசை சீட் வைத்த பிக்கப் வண்டிகளை) பார்த்ததும் ஆசை வரும். எனக்கும் வந்தது. பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன்.

2022 பொருளாதார நெருக்கடியில், ஜூன் கடைசியில் பெட்ரோல் லிட்டர் 470 இலங்கை ரூபாய், டீசல் 460. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெட்ரோல் செட் வாசலில் இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே தூங்கினேன். பங்க் என்று யாரிடமும் கேட்காதீர்கள், இங்கே செட்தான். அப்புறம் கியூஆர் கோடு காட்டி எரிபொருளை அளவாக வாங்கும் முறை வந்தது, காருக்கு வாரம் 20 லிட்டர். என் ஜீப் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தரும், ஆக 160 கிலோமீட்டரோடு சரி. பக்கத்து வீட்டு அக்வா, டொயோட்டாவின் சின்ன ஹைபிரிட் கார், லிட்டருக்கு இருபது ஓடும். அதே அளவில் 400 கிலோமீட்டர், கிட்டத்தட்ட யாழ்ப்பாணம் வரை. ஜீப்பை விற்றுவிட்டேன்.

2023 செப்டம்பரில் கியூஆர் எடுக்கப்பட்டது. ஆனாலும் கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி இன்றும் "லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியும் எஞ்சினின் சிசியைப் பொறுத்து ஏறுகிறது. பெரிய எஞ்சினுக்கு வாங்கும்போதும் கொடுக்க வேண்டும், ஓட்டும்போதும் கொடுக்க வேண்டும்.

ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்வா: தெருவில் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான். பம்பலப்பிட்டி நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவர் என்றால் அக்வா மாதிரி, பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் வண்டியை ஓட்டும் முழு ஹைபிரிட் நல்லது. வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், ஏசி பேட்டரியில் ஓடும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஆகும். வேகன் ஆரில் ஹைபிரிட் என்பது எஞ்சினுக்குச் சின்னக் கைகொடுப்பு மட்டுமே. அதன் சிக்கனம் பெரும்பாலும் எடை குறைவாலும் 660 சிசியாலும் வருவது.

ஜப்பானில் ஓடி இங்கே வரும் கார்களை ரீகண்டிஷன் என்பார்கள். ஹைபிரிட் என்றால் பேட்டரிதான் அதன் உயிர். அக்வாவில் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது; பக்கத்திலுள்ள காற்றுத் துளையில் தூசி அடைத்தால் சூடேறி ஆயுள் குறையும். விற்பவர் முன்னாலேயே அதைத் திறந்து பாருங்கள், சங்கடப்பட வேண்டாம். மின்சார காரில் ஆசை இருந்தால், அடுக்குமாடியின் தரிப்பிடத்தில் சார்ஜ் செய்ய விடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.

மழையில் தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு என்றாலோ, மலையகத்துத் தோட்டங்களுக்கு வாராவாரம் போகும் வேலை என்றாலோ உயரமான வண்டி நியாயம்தான். மற்றவர்கள் அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு மாதம் கரையோர ரயிலும் பிக்மீ செயலியில் கூப்பிடும் ஓட்டோவும் போதும். பிறகு பிடித்த காரைக் காலை எட்டு மணி நெரிசலில் காலி வீதியில் (Galle Road) ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். ஹைபிரிட் என்றால், திரையில் பேட்டரிக் கோடுகள் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறினால் அந்த வண்டி வேண்டாம்.