எக்ஸ்-கதிர் எண்ணியில் ஈரம்: காரைக்குடி ஆய்வகக் குறிப்பு

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளில் எக்ஸ்-கதிர்களை எண்ணும் லேக்ஸ்பிசி (LAXPC) கருவியில் செனான் வாயு மூடிய கலத்துக்குள் இருக்கிறது. எங்கள் சிறிய மாதிரி எண்ணியில் ஆர்கான் 90%, மீத்தேன் 10% கலவை ஓடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்-கதிர் இந்த வாயுவில் கிளப்பும் எலக்ட்ரான்களை உயர் மின்னழுத்தக் கம்பி ஒன்று ஈர்த்துத் துடிப்பாக மாற்றும். ஐப்பசி மழையில், சோதனைக்கு வைக்கும் கதிரியக்க இரும்பு-55 மூலத்தின் 5.9 கேஇவி (கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஆற்றல் அலகு) உச்சம், அதாவது ஆற்றல் வரைபடத்தில் தெரியும் மேடு, அகன்று, இடப்பக்கம் வால் நீண்டது.

அந்த வால்தான் துப்பு. அழுத்தமோ வெப்பமோ மாறினால் உச்சம் மொத்தமாக நகரும், அகலம் அதிகம் மாறாது. ஆக்சிஜனும் நீராவியும் கலந்தால் கம்பியை நோக்கி வரும் எலக்ட்ரான்கள் வழியிலேயே பிடிபடும். தொலைவிலிருந்து வருபவை கூடுதலாக இழக்கும், அதனால்தான் வால். மின்னழுத்தத்தை ஏற்றி இதைச் சரிசெய்யவே கூடாது. வால் அப்படியே இருக்க, பொறிதான் பறக்கும்.

ஈரம் வந்தது நைலான் வாயுக்குழாய் வழியே. நைலான் நீராவியை ஊடுருவ விடும். அதைக் கழற்றிச் செம்புக்குழாய் போட்டேன். பிறகு கலத்தை 60 டிகிரிக்குச் சூடாக்கி இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து, ஆறியதும் புது வாயு நிரப்பினேன். உச்சத்தின் அகலம் அதன் ஆற்றலில் வழக்கமான 17 சதவீதத்தை ஒட்டித் திரும்பியது. 3 கேஇவி அருகே ஆர்கானின் தப்பிப்பு உச்சமும் (ஆர்கான் உமிழும் எக்ஸ்-கதிர் கலத்தை விட்டுத் தப்புவதால் குறைந்த ஆற்றலில் வரும் உச்சம்) தனியே தெரிந்தது.

கலத்தைத் திறந்தால் இன்னொரு எதிரி, செம்மண் தூசி. தங்கமுலாம் பூசிய மெல்லிய டங்ஸ்டன் கம்பியில் ஒரு துகள் ஒட்டினாலும் பொய்த் துடிப்புகள் வரும். அறை ஜன்னலை அடைத்து, கம்பியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிய பிறகே கலத்தை மூடுங்கள். விண்ணில் கலத்தைத் திறக்க முடியாது. அதனால்தான் லேக்ஸ்பிசியில் வாயுவைச் சுத்திகரிக்கும் அமைப்பையும் உடன் அனுப்பினார்கள்.