பிசீஜ் என்றால் பிடிப்பது இல்லை, உட்கார்வது

முற்றுகையிடுவதைச் சொல்லும் பிசீஜ் என்ற ஆங்கில வினைச்சொல்லைப் படிக்கும்போது யாருக்கும் சிக்கல் இல்லை, எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கும். பி, ஈ, எஸ் வரை மளமளவென்று வந்துவிடும், அதற்கு மேல் ஐ முன்னால் வருமா ஈ முன்னால் வருமா? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பி-ஈ-எஸ்-ஐ-ஈ-ஜி-ஈ. ஐதான் முன்னால்.

குழப்பிவிடுவது யார் என்றால் பறிமுதல் செய்வது, கைப்பற்றுவது என்று பொருள்படும் சீஸ். அதில் எழுத்து தலைகீழ், எஸ்-ஈ-ஐ-இசட்-ஈ. "ஐ முன்னால், ஈ பின்னால், சி-க்கு அடுத்து மட்டும் மாறும்" என்று பள்ளியில் ஒப்பித்த விதிக்கு பிசீஜ் கட்டுப்படுகிறது, சீஸ் கட்டுப்படாது. போதாக்குறைக்கு இசட் ஒலிக்குத் தமிழில் எழுத்தும் இல்லை, அதனால் பிசீஜுக்குள் இருக்கும் சீஜும் (முற்றுகை என்ற பெயர்ச்சொல்) சீஸும் நம் வாயில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தலைவர் என்ற சீஃப், வயல் என்ற ஃபீல்ட், இந்த வரிசையில் சீஜையும் உட்கார வைத்துவிடுங்கள், மூன்றிலும் ஐ-க்கு அப்புறம்தான் ஈ. சீஸ் தனிக்கட்டை.

பிசீஜோடு ஐஎன்ஜி சேர்க்கும்போது கடைசி ஈ விழுந்துவிடும், அதை விட்டுவைப்பவர்கள் உண்டு. அப்புறம் பிசீச் என்று இன்னொன்று இருக்கிறது, கெஞ்சிக் கேட்பது. அது தேடுவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனால் ஓர் ஒலி தவறினால் மன்னர் கோட்டையை முற்றுகையிடுவதற்குப் பதிலாகக் கோட்டையிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார்.

சரி, பொருளுக்கு வருவோம், பெரிய தவறு இங்கேதான். பிசீஜ் செய்தார்கள் என்று படித்ததும் "கைப்பற்றினார்கள்" என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். இல்லை. சுற்றி வளைத்து, வழியை அடைத்து, உள்ளே உணவும் உதவியும் போகாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் பிசீஜ். நகரம் விழுந்ததா என்பதை அந்தச் சொல் சொல்லவே சொல்லாது. 1453 ஏப்ரல் 6 அன்று இரண்டாம் மெஹ்மத்தின் உதுமானியப் படை கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிடத் தொடங்கியது, நகரம் விழுந்தது மே 29 அன்று. பிசீஜ் என்பது இடைப்பட்ட அந்த நாட்கள், மே 29 அன்று நடந்ததற்கு வேறு சொல் வேண்டும். அதே உதுமானியர்கள் வியன்னாவை 1529-இலும் 1683-இலும் முற்றுகையிட்டார்கள், இரண்டு முறையும் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். லெனின்கிராடு முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை 872 நாட்கள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான், அதிலும் நிறையக் கலப்படம். அப்படியும் நகரம் விழவில்லை. இதைப் போய் "லெனின்கிராடைக் கைப்பற்றினர்" என்று எழுதினால் வரலாறே மாறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதே இல்லை. தொல்காப்பியம் கோட்டைப் போரைப் பற்றிய உழிஞைத் திணையைச் சொல்லும்போதே "முற்றலும் கோடலும்" என்று இரண்டாகப் பிரிக்கிறது. முற்றல் என்பது வளைத்துக்கொள்வது, கோடல் என்பது கொள்வது, அதாவது பிடிப்பது. பிசீஜ் முற்றலோடு நின்றுவிடும்.

ஏன் என்று பார்க்க அதன் வேருக்குப் போக வேண்டும். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். லத்தீனில் செதேரே என்றால் உட்கார்வது. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் இருக்கை என்ற பொருளில் ஒரு சொல் வந்தது, அதுதான் ஆங்கிலத்துக்குப் போய் சீஜ் ஆனது. ஆங்கிலத்திலும் முதலில் அதற்கு ஆசனம் என்றே பொருள். ஆர்தர் மன்னரின் வட்டமேசைக் கதைகளில் யாரும் உட்காரத் துணியாத நாற்காலிக்கு சீஜ் பெரிலஸ், ஆபத்தான இருக்கை, என்று பெயர் வந்தது அதனால்தான். கோட்டைக்கு எதிரே ஒரு படை அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அதுதான் முற்றுகை. முன்னால் ஒட்டியிருக்கும் பி, "இரு" என்ற ஆங்கில வினை இல்லை, அப்படி நினைப்பது இன்னொரு தவறு. அது சுற்றிலும் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில முன்னொட்டு. பிரெஞ்சு உடம்புக்கு ஆங்கிலத் தலை, ஆக மொத்தம் "சுற்றி உட்கார்".

ஒரே எண்ணம் மனதை விடாமல் பிடித்து ஆட்டுவதைச் சொல்லும் ஆப்செஸ் என்ற சொல்லும் இதே குடும்பம். லத்தீனில் அதன் பொருள் எதிரே உட்கார்வது, முற்றுகையிடுவது. பழைய ஆங்கிலக் கிறித்தவ எழுத்தில் தீய ஆவி வெளியே நின்று ஓயாமல் தாக்கினால் ஆப்செஷன், உள்ளே புகுந்து குடியேறிவிட்டால் பொசஷன். அதே முற்றல், அதே கோடல்!

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். பிசீஜ்ட் என்று ஈ-டி சேர்ந்து பெயருக்கு முன்னால் வந்தால் அது உள்ளே மாட்டிக்கொண்டவரைக் குறிக்கும், வெளியே நிற்பவரை இல்லை. ஒரு மொழிபெயர்ப்பில் "முற்றுகையிட்ட வீரர்கள் பசி தாங்காமல் குதிரைகளைத் தின்றார்கள்" என்று எழுதிவிட்டேன், படித்த நண்பர், வெளியே இருந்தவர்களுக்கு என்னய்யா பஞ்சம் என்று கேட்டார். முற்றுகையிடப்பட்ட என்று இருந்திருக்க வேண்டும், ஒரு "பட்ட" விட்டுப்போனதில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் உழிஞை சூடியவனா, நொச்சி சூடியவனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உழிஞைப் பூச் சூடி வளைப்பவன் வெளியே, நொச்சிப் பூச் சூடிக் காப்பவன் உள்ளே.

இலக்கணத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நகரத்தை முற்றுகையிட்டான் என்று நாம் சொல்வது போலவே பிசீஜுக்கு அடுத்து நேராக நகரத்தின் பெயர், நடுவில் ஆன் வேண்டாம், அகெய்ன்ஸ்ட் வேண்டாம். லே சீஜ் என்று எழுதினால் மட்டும் டு வேண்டும். முற்றுகை என்று பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் சீஜ் போதும், "ட்ராயின் பிசீஜ்" என்று எழுதக் கூடாது. கணினி விளையாட்டுக்காரர்கள் சீஜையே வினையாக்கி சீஜ்ட் என்கிறார்கள். முன்பு அப்படியும் ஒரு வழக்கு இருந்ததுதான், ஆனால் கட்டுரையிலோ தேர்விலோ எழுதினால் சிவப்பு மை நிச்சயம்.

போர் இல்லாத இடத்திலும் பிசீஜ் வரும், செய்தியாளர்கள் ஒருவரை மொய்த்துக்கொண்டாலோ கேள்விகள் குவிந்தாலோ. அங்கே முற்றுகை என்று அப்படியே போடாமல் "சூழ்ந்துகொண்டனர்", "திணறடித்தனர்" என்றால்தான் தமிழாக இருக்கும். இதே பொருளில் பிலீகர் என்றும் ஒன்று உண்டு, டச்சு மொழியில் பாசறை என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் ஜி-க்குப் பின்னால் ஒரு யூ ஒளிந்திருக்கிறது, அதை மறக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.