லெ பூஸ் மலையில் ஒரு பகல்: முதன்முறை ஏறுவோருக்கான செய்முறை

மொரீஷியஸில் நண்பர்களோடு முதன்முறையாக மலையேற விரும்புவோருக்கு, 812 மீட்டர் உயரமுள்ள லெ பூஸ் மலையையே பரிந்துரைப்பேன். அருகிலுள்ள பீட்டர் போத் மலை எட்டே மீட்டர்தான் கூடுதல் உயரம் என்றாலும், அதன் உச்சிப் பாறைக்குக் கயிறும் பயிற்சியும் வேண்டும். லெ பூஸுக்குத் திடமான கால்களும் பொறுமையும் போதும். பீகிள் கப்பல் 1836இல் தலைநகர் போர்ட் லூயிக்கு வந்தபோது சார்லஸ் டார்வினும் இதன்மேல் ஏறியிருக்கிறார்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குளிர்மாதங்களே ஏற்றவை. நவம்பர் தொடங்கிப் புயற்பருவம் என்பதோடு வெயிலும் ஆளைச் சோர்த்துவிடும். முந்தைய இரண்டு நாட்களில் மழை பெய்திருந்தாலோ, காலையில் உச்சியை மேகம் மூடியிருந்தாலோ, தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து, குழு. நான்கு முதல் ஆறு பேர் போதும். கால்வலிமையில் ஐயமுள்ளவர், குவாத்ர் போர்ன் நகரில் கோர் த கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயில் படிகளை முந்தைய வாரமே ஏறிப் பார்க்கட்டும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறுபவருக்கு லெ பூஸ் கடினமாக இராது. எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது என்பதையும் புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்து, அந்த நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி, மழைச்சட்டை, தொப்பி, முழுமையாக மின்னேற்றிய கைப்பேசி ஆகியவை கட்டாயம். உணவுக்கு, பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியான தால் பூரியே சிறந்தது. ஆனால் குழம்பைத் தனியே கட்டிக்கொள்ளாவிட்டால் உச்சிக்குப் போவதற்குள் பூரி ஊறிக் கூழாகிவிடும். வழியில் கடை ஏதுமில்லை.

காலை ஏழு மணிக்குள் சென் பியேர் அருகிலுள்ள பெத்தி வெர்ஜேயிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். கரும்புத் தோட்டங்களுக்கிடையிலான மண்பாதை எளிது என்பதால் எல்லாரும் இங்கே வேகமாக நடப்பார்கள். அந்த வேகத்தை அடக்கி, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பிறகு சீனக் கொய்யாப் புதர்கள் அடர்ந்த நிழற்பாதை வரும். பழம் சிவந்திருக்கும் மாதங்களில் இங்கே நேரம் கரைந்துவிடும், அதில் தவறில்லை. சேறு படிந்த வேர்களின்மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

மேட்டுமுகட்டை அடைந்ததும் போர்ட் லூயி துறைமுகம் விரியும், காற்றும் பலமாக வீசும். அங்கே பத்து நிமிடம் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கடைசிப் பாறையை நிமிர்ந்து பாருங்கள். கட்டைவிரல்போல் நிற்கும் அந்தப் பகுதியில்தான் கைகளும் வேலை செய்ய வேண்டும். உயரத்தைக் கண்டு அஞ்சுபவர் முகட்டிலேயே இருக்கட்டும், துணைக்கு ஒருவர் தங்கட்டும். ஏறுபவர்கள் கைத்தடியைப் பையில் செருகிவிட்டு, பிடிக்கும் கல் அசைகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்து, ஒரு கை அல்லது ஒரு காலை மட்டும் ஒரு நேரத்தில் நகர்த்த வேண்டும். மேலே இருப்பவர் தள்ளிவிடும் சிறுகல்கூடக் கீழே இருப்பவரின் தலையைப் பதம் பார்த்துவிடும் என்பதால், நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. உச்சி குறுகலானது, படமெடுக்கப் பின்னால் நகர்பவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருங்கள்.

இறங்கும்போது முழங்கால்கள் தளர்ந்திருக்கும், பேச்சும் கூடியிருக்கும். சறுக்கல்கள் பெரும்பாலும் அப்போதுதான் நேர்கின்றன. செங்குத்தான பாறையில் முகத்தை மலைப்பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதைப்போல் இறங்குங்கள். எவருக்கேனும் அடிபட்டால் அவரை நடக்கவைக்காமல், 114 என்ற எண்ணில் சாமு அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். முகட்டிலிருந்து போர்ட் லூயிப் பக்கமும் ஒரு பாதை இறங்குகிறது. முதன்முறை வருவோர் அதில் போகாமல், வந்த வழியிலேயே திரும்புங்கள். ஏறி இறங்க, நிதானமாக நடந்தாலும், நான்கு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.