டிஃபெண்டரை அணைக்காமலே விண்டோஸ் கணினியின் திணறலைக் குறைப்பது எப்படி?

பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து, அவற்றைப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் இட்டு, மெய்ப்புப் பார்த்துத் தருவது என் வேலை. 8 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட என் பழைய மடிக்கணினி, சில மாதங்களுக்கு முன் நாளுக்கு இரண்டு முறையாவது உறைந்துபோகத் தொடங்கியது. காட்டிய இடத்தில் புதிது வாங்கிவிடச் சொன்னார்கள். வாங்கவில்லை. திணறலுக்குக் காரணம் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பாதுகாப்பு மென்பொருள் வேலை செய்த நேரமும் இடமும்தான் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ததைக் கீழே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வழிதான். பட்டியல்கள் இருக்கும் இடம் சற்றே மாறலாம்.

முதல் படி: உண்மையாகவே மறுதொடக்கம் செய்யுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, சிபியு வரைபடத்தின் கீழே ‘அப் டைம்’ என்று இருப்பதைப் பாருங்கள். தினமும் இரவில் ஷட்டவுன் செய்துவந்த எனக்கு அது 23 நாட்கள் என்று காட்டியது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதியை வன்தட்டில் சேமித்துவைத்து, மறுநாள் அப்படியே மீட்டெடுப்பதாகும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் விட்டுவைத்த பிறகே அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் சிபியு, டிஸ்க் தலைப்புகளைச் சொடுக்கினால் அதிகம் உண்பது மேலே வந்து நிற்கும். பலருக்கும் அங்கே தென்படும் பெயர் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’. இதுதான் டிஃபெண்டரின் இயந்திரம். ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து இதை நிறுத்த முடியாது, அனுமதி மறுக்கப்படும்; தீநிரல்கள் பாதுகாப்பு மென்பொருளைக் கொன்றுவிடாமல் இருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே நிறுத்தும் வழியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக, ஸ்டார்ட் பட்டியலில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து, டிஸ்க் பகுதியில் டிஃபெண்டரின் பெயருக்கு எதிரே குறியிடுங்கள். இங்கே அதன் பெயர் ‘எம்எஸ் எம்பி எஞ்சின்’ என்பதன் சுருக்கமாக இருக்கும். கீழே உள்ள ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’ பட்டியலில், அது அந்த நொடியில் படிக்கும் கோப்புகளின் பெயர்கள் ஓடும். என் திரையில் ஒருநாள் காலையில் ஓடியவை எல்லாம் என் பக்கப் படங்கள். 0412, 0413, 0414 என்று வரிசை எண்ணோடு வந்துகொண்டிருந்தன. வேறொரு நாள் மதியம் அதே இடத்தில் விண்டோஸ் கோப்புறையின் கோப்புகள் ஓடின. திணறல் ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் நடக்கும் உடனடிச் சோதனை ஒன்று. குறித்த நேரத்தில் தானாக நடக்கும் சோதனை மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மூன்றாம் படி: தானியங்கிச் சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள்

டிஃபெண்டரின் சோதனையும் அடங்கிய விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு இயல்பாக அதிகாலை 2 மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்நேரம் கணினி அணைந்திருந்தால், அடுத்து எப்போது மின்இணைப்போடு சும்மா இருக்கிறதோ அப்போது அது தொடங்கும். இரவில் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, பகலில் சார்ஜரைச் செருகித் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கு அந்த ‘அப்போது’ எப்போது என்று சொல்ல வேண்டியதில்லை. கன்ட்ரோல் பேனலில் ‘செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ்’ பகுதிக்குச் சென்று, பராமரிப்பு நேரத்தை உங்கள் மதிய உணவு வேளைக்கு மாற்றுங்கள்.

அடுத்து, குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, இடப்பக்க மரத்தில் லைப்ரரி, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று ஒவ்வொன்றாக விரித்துச் செல்லுங்கள். அங்குள்ள பணிகளில் ‘ஷெட்யூல்ட் ஸ்கேன்’ என்று முடியும் பணியை இருமுறை சொடுக்குங்கள். ‘டிரிக்கர்ஸ்’ பகுதி பெரும்பாலும் காலியாக இருக்கும். அதில் வாரம் ஒருமுறை, ஒரு கிழமை, ஒரு நேரம் எனச் சேர்க்க வேண்டும்.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். யாருக்கும் தொந்தரவில்லாத நேரம் என்று ஞாயிறு காலை 6 மணியைக் குறித்தேன். திங்கட்கிழமை கணினியைத் திறந்த மாத்திரத்தில் விசிறி இரைந்தது. அமைப்பு பதியவில்லை போலும் என்று மறுபடி அதையே குறித்தேன். அடுத்த திங்களும் அதே இரைச்சல். பணிகளின் பட்டியலில் ‘லாஸ்ட் ரன் டைம்’ (கடைசியாக இயங்கிய நேரம்) என்ற நெடுவரிசையைத் தற்செயலாகப் பார்த்தபோது, திங்கள் காலை 9.10 என்று இருந்தது, அதாவது நான் கணினியைத் திறந்த நேரம். ‘செட்டிங்ஸ்’ பகுதியில், குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்த அளவு விரைவில் பணியை இயக்கு என்னும் பொருளில் ஒரு பெட்டி உண்டு. அதில் குறி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அணைந்து கிடந்த கணினி, தவறவிட்ட கடனைத் திங்கட்கிழமை தீர்த்திருக்கிறது.

அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். எடுத்தபின், கணினி உண்மையிலேயே இயங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் குறிப்பது கட்டாயம். இல்லையெனில் சோதனை ஒருபோதும் நடக்காது. எனக்குப் புதன் மதியம் 1 மணி பொருந்தியது. ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில், மின்இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு என்பதற்குக் குறியிடுங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் இந்த அமைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

நான்காம் படி: விலக்கு, ஆனால் குறுகிய விலக்கு

உடனடிச் சோதனைக்கு மருந்து, ஒரே ஒரு வேலைக் கோப்புறைக்கு விலக்கு அளிப்பது. எழுத்துணரி மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தற்காலிகக் கோப்புகளை எழுதி அழிக்கும். எழுதப்படும் ஒவ்வொன்றையும் டிஃபெண்டர் நின்று பார்க்கும். நிரல் எழுதுவோருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளால் இதே சிக்கல் வரும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ சென்று, அடியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் அந்தக் கோப்புறையை மட்டும் சேருங்கள்.

‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையை ஒருபோதும் சேர்க்காதீர்கள். வெளியிலிருந்து வரும் கோப்புகள் முதலில் அங்கே இறங்கிச் சோதனைக்கு உட்பட்ட பிறகே வேலைக் கோப்புறைக்குப் போக வேண்டும். அந்தப் பட்டியலில் ‘பிராசஸ்’ என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. அதில் ஒரு மென்பொருளைச் சேர்த்தால், அது திறக்கும் கோப்புகள் எல்லாமே உடனடிச் சோதனையிலிருந்து விடுபடும். இணைய உலாவியை அப்படிச் சேர்ப்பது வாசலைத் திறந்துவைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பூட்டுவதுபோல. டிஃபெண்டரின் சொந்தக் கோப்பையே விலக்கில் சேர்க்கச் சொல்லும் குறிப்பு இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதன் இருப்பிடப் பாதையில் பதிப்பு எண் இருப்பதால் புதுப்பிக்கும்போதெல்லாம் பாதை மாறிவிடும். தவிர, பாதுகாவலனின் கண்ணைக் கட்டும் வேலை எனக்கு உவப்பானதல்ல.

கோப்புறை விலக்கு, நீங்களே நடத்தும் சோதனைக்கும் பொருந்தும் என்பதால், மாதம் ஒருமுறை விலக்கை எடுத்துவிட்டு அந்தக் கோப்புறையைச் சோதித்து, மறுபடி சேர்த்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் படி: தொடக்கத்திலேயே ஏறிக்கொள்பவை

டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் வேண்டாதவற்றை ‘டிஸேபிள்’ செய்வது எல்லோருக்கும் தெரியும். அங்கே தெரியாதவற்றையும் காட்ட ‘ஆட்டோரன்ஸ்’ என்ற சிறு கருவி உண்டு. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்த அதை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது, நிறுவவும் தேவையில்லை. ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டால், மிஞ்சுவது நாமே காலப்போக்கில் ஏற்றிவைத்த சுமைதான். மஞ்சள் நிற வரிகள், கோப்பே இல்லாமல் எஞ்சிய பதிவுகள். எதையும் அழிக்காமல் குறியை மட்டும் எடுங்கள். தவறென்றால் திரும்ப இட்டுவிடலாம். ‘கணினியை வேகமாக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவையும் பின்னணியில் இயங்குபவையே.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், எல்லாம் செய்தும் பயனில்லை என்று எழுதினார். அவர் கணினியில், வாங்கும்போதே வந்த வேறொரு பாதுகாப்பு மென்பொருளின் சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடந்தது. அத்தகையவற்றை அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் முற்றிலும் அகற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

சோதனையின்போது சிபியு பயன்பாட்டுக்கு வரம்பு வைக்க முடியாதா என்று இன்னொருவர் கேட்டார். விண்டோஸின் புரோ பதிப்பில் ‘குரூப் பாலிசி’ என்னும் அமைப்புக் கருவி வழியாக முடியும். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை. இயல்பு அளவு 50 சதவீதம். ஆனால் கணினி சும்மா இருக்கையில் தொடங்கும் சோதனைக்கு அந்த வரம்பு இயல்பாகப் பொருந்தாது. அப்போது முழு வேகத்தில் ஓடும். அதனால்தான் நான் வரம்பைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றினேன்.