ஒரே கேள்வி மூன்றாவது தடவை வந்தால் ஒரு தாள் எழுதுங்கள்

பயிற்சி கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்காது, "லேபிள் பிரின்டரில் ரோல் எப்படி மாட்டுவது?" என்று அதே ஆள் மூன்றாவது தடவை வந்து நிற்பார். அவர் மேல் தப்பில்லை. எப்போதாவது ஒருமுறை செய்யும் வேலை, எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் மறந்துதான் போகும். இன்னொரு வகுப்பு எடுப்பதைவிட பிரின்டர் பக்கத்தில் ஒட்டிவைத்த ஒரு தாள் அவருக்கு அதிகம் உதவும். பயிற்சித் துறையில் இதை ஜாப் எய்டு என்பார்கள், நான் துணைத்தாள் என்று எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் போயிங் மாடல் 299 என்ற சோதனை விமானம் மேலே கிளம்பியதுமே விழுந்தது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள், எஞ்சினிலும் கோளாறில்லை. தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. அந்த விமானமே பின்னால் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

சரி, எழுத ஆரம்பிக்கலாம்.

படி 1: தாள் தேவையா என்று பாருங்கள்

அபூர்வமாகச் செய்யும் வேலை, படிகள் நிறைய உள்ள வேலை, தப்பினால் நஷ்டம் அதிகமாகும் வேலை, இதற்கெல்லாம் தாள் வேண்டும். தினமும் நூறு தடவை செய்வதற்கு வேண்டாம். தொண்டையில் ஏதோ அடைத்து ஒருவர் திணறும்போது யாரும் தாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, அதற்குப் பழகிய கைதான் வேண்டும். அப்புறம், செய்யத் தெரிந்தும் செய்யாமல் விடுகிறவருக்கு எத்தனை தாள் ஒட்டினாலும் பிரயோஜனமில்லை.

படி 2: வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள்

இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மேஜையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், கை தானாகச் செய்யும் பாதி விஷயம் தாளில் வராது. அனுபவசாலி ஒருவர் ரோல் மாற்றுவதைக் கூடவே நின்று பார்த்தபோது, ரோலை எடுத்ததும் அதன் ஓரத்தில் நகத்தால் சட்டென்று ஒரு கீறு கீறினார். எதற்கு என்று கேட்டால், "அதுவா, எந்தப் பக்கம் அச்சாகும் என்று பார்க்கத்தான்" என்றார். சூட்டில் அச்சாகும் தாளில் அந்த ஒரு பக்கம் மட்டும் கீறினால் கறுக்கும். கையேட்டிலும் இல்லை, அவர் எடுத்த பயிற்சியிலும் இல்லை, ஆனால் புதியவர்கள் தடுமாறியது சரியாக அங்கேதான்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

வரிசை முக்கியம் என்றால் எண் போட்ட படிகள். 'இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது' என்று பிரியும் வேலைக்கு அட்டவணை. வேலை தெரிந்தவர் எதையும் விட்டுவிடக் கூடாது என்றால் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பட்டியல் இந்தக் கடைசி வகை. மயக்கமருந்துக்கு முன், கீறுவதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நிறுத்திக் கேட்கிறது, மொத்தமே 19 விஷயம். எப்படி அறுப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை!

படி 4: எழுதுங்கள்

"லேபிள் ரோலானது சரியான திசையில் பொருத்தப்பட்டுள்ளதா என்பது உறுதி செய்யப்பட வேண்டும்." யார், எதை, எப்படி உறுதி செய்வது? இதே விஷயம் இப்படி இருக்கட்டும்:

1. மூடியைத் திறந்து காலி ரோலை எடுக்கவும்.
2. புது ரோலின் ஓரத்தை நகத்தால் கீறவும். கறுப்புக் கோடு விழுந்தால் அதுதான் அச்சாகும் பக்கம்.
3. அந்தப் பக்கம் மேலே பார்க்கும்படி ரோலை மாட்டவும்.
4. தாளின் நுனி வெளியே தெரியும்படி வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை மூடியை அழுத்தவும்.
5. ஃபீட் பட்டனை ஒரு தடவை அழுத்தவும். ஒரே ஒரு வெற்று லேபிள் வந்து நின்றால் சரி.

செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளத்தையும் கூடவே கொடுங்கள், அந்தக் கோடும் 'டக்'கும் அதற்குத்தான். பட்டனில் என்ன எழுதியிருக்கிறதோ அதே பெயரைத்தான் தாளிலும் எழுத வேண்டும். எச்சரிக்கை இருந்தால் படிக்கு முன்னால் வரட்டும். "பட்டனை அழுத்தவும். அழுத்தும் முன் மூடியைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால், இரண்டாவது வாக்கியத்தைப் படிப்பதற்குள் அழுத்தியிருப்பார்கள்.

படி 5: தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

இது ரொம்பக் கஷ்டம். என் முதல் தாளில் 'பச்சை விளக்கு வரும்வரை காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர் தாளைப் பார்க்கிறார், விளக்கைப் பார்க்கிறார், அப்படியே நிற்கிறார். விளக்கு பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் மினுக்கிக்கொண்டிருந்தது. 'மினுக்காமல் எரியும்வரை' என்று திருத்த இரண்டே நிமிடம்தான் ஆனது, ஆனால் அவர் நின்றதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது. இப்படி இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள், "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

படி 6: ஒட்டுங்கள்

வேலை நடக்கும் இடத்திலேயே, கண் மட்டத்தில். கம்ப்யூட்டரில் ஐந்தாவது ஃபோல்டருக்குள் இருக்கும் தாளை யாரும் தேடிப் போக மாட்டார்கள். ஓரத்தில் தேதியும், தப்பு கண்டால் யாரிடம் சொல்வது என்பதும் இருக்கட்டும். புதுத் தாள் ஒட்டும் அன்றே பழையதைக் கிழித்துவிடுங்கள். முதல் மாதம் லேமினேட் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அவரவர் கிறுக்கிவைப்பதை வைத்துத்தான் அடுத்த தாளை எழுதப்போகிறீர்கள்.