டிரெய்லர் தரை அமிழ்ந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

2021 செப்டம்பரில் 22 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை, அதாவது வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்கும் வீட்டு வண்டி ஒன்றை, வாங்கி, கனடாவில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். 1998இல் செய்தது. உள்ளே பளபளவென்று புதிய வினைல் விரிப்பு. அந்தத் தரையைப் பார்த்துத்தான் எனக்கு மனம் பிடித்தது. அம்மா தேநீர்க் குவளையுடன் ஏறினார். கதவைத் தாண்டி இரண்டடி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். "பிள்ளை, இந்த இடத்தில் கால் உள்ளே போகிறது" என்றார்.

விற்றவர் உக்கிப்போன பலகையின் மேலேயே புது விரிப்பை ஒட்டியிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஒரு குடும்பம் தூங்கும் இடம் அது. ஆகவே பழைய டிரெய்லரில் புத்தம் புதிய தரையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் செருப்பைக் கழற்றுங்கள். வெறுங்காலுடன், குதிகாலை அழுத்தி, சுவரோரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். கதவடி, கழிப்பறை முன்புறம், சமையல் தொட்டியின் கீழ், கட்டிலுக்கு அடியில் இருக்கும் நான்கு மூலைகள் ஆகிய இடங்களில்தான் தரை முதலில் விட்டுக்கொடுக்கும்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை செய்தவர். அவர் முழங்காலிட்டு, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தரை முழுவதும் தட்டினார். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகத் திருப்பிச் சொல்லும். உக்கிய மரம் சத்தத்தை விழுங்கிவிடும். சத்தம் மாறிய இடமெல்லாம் நான் காகித நாடாவை ஒட்டிக்கொண்டே போனேன். கால் அமிழ்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நாடா வளைத்த இடமோ ஒரு மீட்டருக்கு மேல் நீண்டது. ஊசிமுனை உள்ள ஈரமானி ஒன்றும் வாங்குங்கள், விலை அதிகமில்லை. மரத்தில் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 20ஐத் தாண்டினால் அங்கே பூஞ்சை வேலை செய்யத் தொடங்கிவிடும். எங்கள் கதவடியில் 28 காட்டியது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அன்றைக்கே பலகை அறுக்கும் வாளை எடுக்காதீர்கள். தரை தானாக உக்குவதில்லை. எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. அந்த வழியை அடைக்காமல் புதுப் பலகை போட்டால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் அதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

கால் அமிழும் இடத்துக்கு நேர் மேலே ஒழுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் கூரையோரத்தில் நுழைந்து, சுவருக்குள் இறங்கி, கீழ்ச்சட்டம் வழியே ஓடி, தாழ்வான இடத்தில் போய் நிற்கும். டிரெய்லரை நீங்கள் எந்தப் பக்கம் சரித்து நிறுத்தியிருந்தீர்களோ, அந்தப் பக்கத்து மூலைதான் பெரும்பாலும் கெட்டிருக்கும். வெளியே பார்க்க வேண்டியவை: கூரையும் சுவரும் சேரும் அலுமினிய ஓரச்சட்டங்கள், நான்கு மூலைச் சட்டங்கள், ஜன்னல் விளிம்புகள், கூரைக் காற்றுத் துளைகள், உயரத்தில் இருக்கும் சின்ன அடையாள விளக்குகள். ஒருவர் குழாயால் தண்ணீர் பீச்ச, மற்றவர் டார்ச்சுடன் உள்ளே இருக்க வேண்டும். கீழிருந்து மேலாகப் போங்கள், ஒவ்வொரு மூட்டுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. அழுத்தி அடிக்காதீர்கள், மழைபோல விழட்டும்.

உட்புறக் குழாய்களுக்குத் தனிச் சோதனை உண்டு. தொட்டியை நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காத்திருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்பு அவ்வப்போது உறுமினால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது. பெரும்பாலும் கசிவுதான். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு முக்கியக் காரணம் பனிக்காலம். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் உறைந்து மூட்டை வெடிக்க வைத்திருக்கும். மே மாதத்து முதல் முகாமில் தண்ணீரைத் திறந்ததும் அது சத்தமில்லாமல் தரைக்கடியில் கொட்டும். வண்டிக்கு அடியிலும் படுத்துப் பாருங்கள். அடிவயிற்றை மூடியிருக்கும் கறுப்புத் தாள் ஓரிடத்தில் தொப்பையாகத் தொங்கினால், உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம்.

எங்கள் ஒழுக்கு கதவுக்கு மேலே இருந்த வாசல் விளக்கிலும், அதற்குப் பக்கத்து மூலைச் சட்டத்திலும் இருந்தது. யாரோ அதன் மேல் சிலிக்கோனை அப்பியிருந்தார்கள். டிரெய்லர் வெளிப்புறத்தில் சிலிக்கோன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது காய்ந்து ஓரம் விடும். பிறகு அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்கே ஒரு நாள் போகும். சட்டத்தைக் கழற்றி, பழைய மெழுகுப் பசையை முழுதும் சுரண்டி, பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடாவான பியூட்டைல் நாடாவைப் புதிதாக வைத்து மறுபடி திருகுவதுதான் சரியான வழி. ரப்பர் கூரையானால், அதற்கென்றே செய்யப்பட்ட, தானே பரவி மட்டமாகும் அடைப்புப் பசை கிடைக்கிறது. அந்தக் கூரையைப் பெட்ரோலிய வகைக் கரைப்பான்களால் துடைக்காதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

அடைத்த பிறகு மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்து இரண்டு வாரம் காய விட்டோம். அப்பா அந்த இரண்டு வாரமும் பொறுமையாக இருந்தார். எனக்குத்தான் கை பரபரத்தது.

உங்கள் தரை எந்த வகை?

வெட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பெரிய சேதம் வரும். தரையில் வெப்பக்காற்று வரும் துளையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். வெட்டு விளிம்பு அங்கே தெரியும். கீழே மரச்சட்டங்களும் மேலே தடித்த பலகையும் இருந்தால் அது பழைய பாணி, பழுதுபார்க்க எளிது. மெல்லிய பலகை, வெள்ளை நுரைத்தட்டு, மறுபடி மெல்லிய பலகை என்று அடுக்காக இருந்தால் அது ஒட்டுத்தரை. ஒட்டுத்தரையின் பலம் அந்த மூன்றும் ஒட்டியிருப்பதில்தான் இருக்கிறது. பசை விட்டுப்போனால், மரம் உக்காமலே கூடக் கால் அமிழும்.

அப்படிப் பசை மட்டும் விட்டு, உள்ளே உலர்ந்திருந்தால், மேல் பலகையில் சில அங்குல இடைவெளியில் சிறு துளைகள் போட்டு, மெல்லியதாக ஓடும் எபாக்சியை (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) ஊசிக்குழலால் செலுத்துங்கள். மேலே எண்ணெய்த்தாள் விரித்து, தட்டையான பலகை வைத்து, பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். ஊதிப் பெருகும் நுரையைப் பீச்சும் யோசனை வேண்டாம். அது தரையை மேட்டுநிலமாக்கிவிடும், திரும்ப அமுக்க வழியில்லை. மேல் பலகை உக்கியிருந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நனைந்த நுரைக்குப் பதில் கெட்டியான நுரைத்தட்டை ஒட்டி, புதுப் பலகையால் மூட வேண்டும்.

தரை முழுவதற்கும் மேலே அரை அங்குல ப்ளைவுட் போட்டு மூடிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். காய்ந்த, உக்காத ஒட்டுத்தரைக்கு அது பொருந்தலாம். ஆனால் எடையைக் கணக்கிடுங்கள். 22 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் 8க்கு 4 அடிப் பலகை ஐந்தரை வேண்டும். ஒன்று 20 கிலோவுக்கு அருகில் வரும், மொத்தம் 110 கிலோ. உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டில் இன்னும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உக்கிய தரைக்கு மேல் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எங்களுக்கு விற்றவர் செய்ததும் அதுதான்.

வெட்டுதல்

சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். மூலைகளில் இறக்கும் கால்கள் ஆட்டத்தைக் குறைப்பதற்கானவை. அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டியுங்கள், புரொப்பேன் சிலிண்டரை மூடுங்கள். பூஞ்சைத் தூள் நெஞ்சுக்குள் போகாதபடி என்95 முகக்கவசம் போடுங்கள். வண்டி 1990க்கு முந்தியது என்றால், பழைய வினைல் விரிப்பின் அடித்தாளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்த பின்பே உரியுங்கள்.

எங்களுடையது மரச்சட்டத் தரை. வட்ட வாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்கு மட்டும் சரியாக வைத்தோம். எங்களுக்கு 16 மில்லிமீட்டர். ஒரு மயிரிழை கூடினாலும் கீழே போகும் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ பதம் பார்த்துவிடும். "உக்கியது முடிந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டு" என்றார் அப்பா. நான் சிக்கனம் பிடித்து விளிம்பிலேயே கோடு போட்டிருந்தேன். அவர் சொன்னதே சரி. வெளியே நல்லதாகத் தெரிந்த பலகையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. வெட்டுக்கோடு குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். அப்போதுதான் பழைய பலகைக்கும் புதுப் பலகைக்கும் பாதிப் பாதி இருக்கை கிடைக்கும். சுவரோரத்தில் வட்ட வாள் போகாது. அதிர்ந்து வெட்டும் சிறு கைக்கருவி அங்கே கைகொடுக்கும்.

நனைந்த கண்ணாடி நார்ப் பஞ்சை அள்ளி எறிந்துவிடுங்கள், காய வைத்துப் பயனில்லை. சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேல் அரை அங்குலம் மட்டும் மெத்தென்றிருந்தால், பக்கத்தில் புதுச் சட்டம் ஒன்றை ஒட்டி, திருகிச் சேர்த்துவிடலாம். நாங்கள் இரண்டுக்கு அப்படிச் செய்தோம். இரும்புச் சட்டத்தில் துரு கண்டால், கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்பு வண்ணம் அடிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

கடினமான இடம் சுவரின் அடிதான். இண்டியானாவின் எல்கார்ட் பகுதியில்தான் வட அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பங்கு கட்டப்படுகிறது. அங்கே முதலில் தரையை முடித்து, அதன் மேல் சுவரை நிறுத்துவார்கள். ஆகையால் தரைப் பலகையின் விளிம்பு சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அது உக்கியிருந்தால் ஒரே மூச்சில் உருவாதீர்கள், சுவர் இறங்கிவிடும். ஒரு முழம் அளவு வெட்டி எடுத்து, புதுத் துண்டைப் பசையுடன் நுழைத்து, திருகிய பிறகே அடுத்த முழத்துக்குப் போங்கள். கதவுப் பக்கத்து நாலு முழத்துக்கு எங்களுக்கு ஒரு சனி, ஞாயிறு முழுதும் தேவைப்பட்டது. மரத்துக்குள் ஊறி இறுகும் எபாக்சி, நார் இன்னும் மிச்சமிருக்கும் மரத்துக்கு உதவும். கையால் பிசைந்தால் தூளாகும் மரத்துக்கு அதைக் குடிக்கக் கொடுப்பது வீண்.

புதிய பலகை

வெளிப்புற உபயோகத்துக்கான ப்ளைவுட் வாங்குங்கள், பழையதன் தடிப்பிலேயே. மரச்சீவல் பலகை மலிவு, ஆனால் விளிம்பில் ஈரம் பட்டால் ஊதி மறுபடி இறங்காது. பூச்சி, பூஞ்சை எதிர்ப்புக்கு மருந்தேற்றிய பச்சை நிற மரம் பாதுகாப்பாகத் தோன்றும். அதிலுள்ள செம்புச் சத்து அலுமினியச் சுவரையும் சாதாரணத் திருகாணிகளையும் அரித்துவிடும். அதனால் அதை ஒதுக்கினோம்.

பலகையின் அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு வெளிப்புற எண்ணெய் வண்ணம் அடித்தோம். தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். மூட்டு விழும் இடமெல்லாம் கீழே குறுக்குக் கட்டை. சட்டங்களின் மேல் பாலியூரித்தேன் பசை இழுத்து, துத்தநாகம் பூசிய திருகாணிகளை விளிம்பில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, நடுவில் 20க்கு ஒன்று என்று இறக்கினோம். தலை பலகைக்குள் சற்றே புதைய வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பின் மேல் பரு போலத் தெரியும். பலகைகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கோடையில் மரத்துக்கு விரிய இடம் வேண்டும்.

கழிப்பறைத் தரையைத் திறந்தவர்கள் அடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் அடிப்பாகம் வெடிக்கும்.

மேலே ஒரே துண்டான வினைல் விரிப்பு போட்டோம். ஒன்றோடொன்று பூட்டும் பட்டைகள் அழகுதான். ஆனால் சூடேற்றாமல் பனிக்காலம் முழுதும் வெளியில் நிற்கும் வண்டிக்குள் அவை சுருங்கி மூட்டு விடும் என்ற பயம் எனக்கு இருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் குழாய்களை வடித்து மூடும்போதும், ஏப்ரலில் திறக்கும்போதும் ஈரமானியுடன் ஒரு சுற்று வருகிறேன். எண்களைக் கட்டில் பலகையின் உட்பக்கம் பென்சிலால் குறித்து வைக்கிறேன். கதவடி இந்த வசந்தத்தில் 11. வலது முன்மூலை சென்ற இலையுதிர்காலத்தில் 13ஆக இருந்தது, இப்போது 17 காட்டுகிறது. சனிக்கிழமை அப்பாவும் நானும் அந்த மூலைச் சட்டத்தைக் கழற்றப் போகிறோம்.